குமாஸ்தா காதில் விழுந்த பெயர்: வாசகர் கேள்வி - பதில்

பிரெஞ்சுக்காலத்து முன்னோரைத் தேடும் வாசகர்களின் கடிதங்கள் இந்த மாதம் கட்டுக்கட்டாக வந்துவிட்டன. நான் சரித்திரப் பேராசிரியர் இல்லை. புதுச்சேரியில் முப்பது வருடமாகப் பழைய பிரெஞ்சுச் சீட்டுகளைத் தமிழில் பெயர்த்துக் கொடுத்துப் பிழைப்பவன். பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவேடுகளோடு மல்லுக்கட்டிக் கற்றுக்கொண்டதை வைத்துப் பதில் சொல்கிறேன்.

எங்கள் தாத்தாவின் அப்பா பெயர் முருகப்பிள்ளை என்று வீட்டில் சொல்வார்கள். பிரெஞ்சுப் பதிவேட்டில் அந்தப் பெயரையே காணோம். ஒருவேளை பதிவே செய்யாமல் விட்டிருப்பார்களோ?
*வாசகி, முத்தியால்பேட்டை*

அம்மா, பதிவு இருக்கும். நீங்கள் இங்கிலீஷ் எழுத்துக்கூட்டலை மனதில் வைத்துத் தேடுகிறீர்கள். பக்கத்து விழுப்புரத்தில் வெள்ளைக்காரன் எழுதிய முறை வேறு, இங்கே எழுதிய முறை வேறு.

நம்முடைய ‘உ’ ஓசைக்குப் பிரெஞ்சில் ஓ, யு என்று இரண்டு எழுத்து போட வேண்டும். ஆகவே முத்து என்ற பெயர் எம், ஓ, யு என்று தொடங்கும். ராஜுவில் ‘ஜ’வுக்கு வெறும் ஜே போதாது. முன்னால் ஒரு டி (D) சேர்ப்பார்கள். முருகன், கண்ணன் போன்ற பெயர்களில் கடைசி என் எழுத்துக்குப் பிறகு ஓர் இ வந்து உட்காரும். அது இல்லாவிட்டால் பிரெஞ்சுக்காரர் அந்த ‘ன்’னை மூக்கோடு விழுங்கிவிடுவார். பிள்ளை என்பது பி, ஓ, யு, இரண்டு எல், மேலே கோடு போட்ட இ என்று ‘பூலே’ ஆகியிருக்கும். இந்துமாக்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனின் அரசியல்வாதி ழான்-போல் விராபூலே என்று செய்தியில் படித்திருப்பீர்கள். அந்த விராபூலே நம்ம வீரப்பிள்ளைதான். ‘ழ’ வந்தால் இன்னும் வேடிக்கை. வெள்ளாழர் என்பதை ஜே போட்டு எழுதிய பக்கங்கள் ஏராளம்.

இதெல்லாம் ஒழுங்காக நடந்தால் தொல்லை இல்லை. சட்டம் எழுத்துக்கூட்டலை நிர்ணயிக்கவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த குமாஸ்தாவின் காதுதான் நிர்ணயித்தது. ‘ச’ என்ற ஓசையை ஒருவர் எஸ் என்று எழுதுவார், இன்னொருவர் சி-எச் என்பார், மூன்றாமவர் டி-சி-எச் (Tch) என்பார். என் கொள்ளுத்தாத்தா பெயர் சின்னத்தம்பி. எஸ் வரிசையிலும் சி வரிசையிலும் மூன்று வருடம் லீவு நாளெல்லாம் தேடினேன். மனுஷன் டி (T) வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவருடைய தம்பியைப் பதிவு செய்த குமாஸ்தா வேறு ஆள் போலிருக்கிறது, அவர் எஸ் வரிசையில் இருந்தார். ஒரே வீடு, ஒரே அப்பா, இரண்டு எழுத்து.

அதனால் பெயரைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அப்பா பெயர், அம்மா பெயர், ஊர், தொழில், ஏறக்குறைய எந்த வருடம் என்ற ஐந்தையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு உட்காருங்கள். பதிவில் இந்த ஐந்தில் நான்கு பொருந்தினால் பெயர் எப்படி எழுதியிருந்தாலும் அது உங்கள் ஆள். நான்கும் பொருந்தாமல் பெயர் மட்டும் அச்சாகப் பொருந்தினால் சந்தேகப்படுங்கள். முருகப்பிள்ளைகள் ஊரில் ஒருவர் இல்லை.

பாரீஸ் பக்கத்தில் இருக்கிறோம். எங்கள் குடும்பப் பெயர் சுத்தமான பிரெஞ்சுப் பெயர். ஆனால் பாட்டி புடவை கட்டிக்கொண்டு சம்பா கோயில் என்ற புதுச்சேரி மாதா கோயிலுக்குப் போனவர், எங்கள் நிறம் இன்னும் கறுப்பு. இங்கே பள்ளிக்கூடத்தில் என் மகளிடம் ‘உன் முன்னோர் பிரெஞ்சுக்காரரா’ என்று கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?
*வாசகர், சார்செல்*

தம்பி, ‘என் முன்னோர் பிரெஞ்சுக் குடிமக்கள், தமிழர்கள்’ என்று சொல்லச் சொல்லுங்கள். இரண்டும் உண்மையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

விஷயம் 1881இல் இருக்கிறது. அதற்கு முன்னால் இங்கே வழக்கு வந்தால், இந்தியர்களுக்கு அவரவர் சாதி, மத வழக்கப்படி தீர்ப்பு. 1819இல் பிரெஞ்சு நிர்வாகமே கொடுத்த உறுதிமொழி அது. 1881 செப்டம்பர் 21ஆம் தேதி ஓர் ஆணை வந்தது. விருப்பப்பட்டவர்கள் தங்கள் ‘சொந்த வழக்கநிலை’யைத் துறந்துவிட்டுப் பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வரலாம். பதிவு அதிகாரி முன்னால் போய் ஒரு வார்த்தை சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் போட்டதுதான், திரும்ப வர வழியில்லை. இப்படித் துறந்தவர்களை ரெனோன்சான் என்பார்கள். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் வாயில் இன்றைக்கும் அந்தச் சொல் உண்டு.

அந்த ஆணையில் இன்னொரு நிபந்தனை இருந்தது. துறக்கிறவர் தனக்கும் தன் வம்சத்துக்கும் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுத்துச் சொல்ல வேண்டும். யோசித்துப் பாருங்கள். அதுவரை அப்பா பெயரை முன்னால் போட்டு, தன் பெயரைப் பின்னால் போட்டு வாழ்ந்த ஆள், மேசை முன்னால் நின்றுகொண்டு இனிமேல் பேரனுக்குப் பேரன் சுமக்கப்போகிற ஒரு சொல்லைச் சொல்லியாக வேண்டும். சிலர் புனிதர் பெயரைச் சொன்னார்கள். சிலர் தங்கள் தமிழ்ப் பெயரையே குடும்பப் பெயராக நிறுத்தினார்கள். சிலர் பிரெஞ்சுச் சொல்லை எடுத்தார்கள்.

இந்த இயக்கத்தை நடத்தியவர் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வழக்கறிஞர். 1873இல் ஐரோப்பியர் மாதிரி பூட்ஸ் போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குள் போனார். நீதிபதி ஒத்துக்கொள்ளவில்லை. விவகாரத்தைப் பாரீஸ் வரை கொண்டுபோய் ஜெயித்துவிட்டு வந்தார். செருப்புக்குள் எவ்வளவு சாதி இருந்தது என்பது அந்தக் கால ஆட்களுக்குத்தான் தெரியும். அவர் தேர்ந்தெடுத்த குடும்பப் பெயர் லப்போர்த். வாசல், கதவு என்று பொருள். எதிர் அணியில் இருந்தவர் சண்முக வேலாயுத முதலியார், பழைய வழக்கம் அப்படியே நிற்க வேண்டும் என்றவர். துறந்தவர்களில் கிறிஸ்தவர்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் கணிசம். சாதிப் பட்டத்தைக் கழற்றி வைக்கச் சட்டமே ஒரு கொக்கி கொடுக்கிறது என்றால் யார் முதலில் போவார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

உங்களுக்கு வேண்டியது துறப்புப் பதிவு. பிறப்புப் பதிவைவிட அது முக்கியம். பழைய பெயர், அப்பா பெயர், புதுக் குடும்பப் பெயர் எல்லாம் ஒரே பக்கத்தில் இருப்பது அதில்தான். அது கிடைக்காவிட்டால் 1882க்கு முந்தைய காலத்தில் உங்கள் குடும்பப் பெயரை எவ்வளவு தேடினாலும் வராது, ஏனென்றால் அந்தப் பெயர் அப்போது பிறக்கவில்லை. அப்புறம், அண்ணன் தம்பிகள் தனித்தனியாகப் போய்த் துறந்திருந்தால் தனித்தனிப் பெயர் எடுத்திருக்கவும் கூடும். வேறு குடும்பப் பெயர் இருக்கிறது என்பதற்காகப் பங்காளியைத் தள்ளிவிடாதீர்கள்.

நிஜமாகவே ஐரோப்பிய முன்னோர் இருந்த கிரயோல் குடும்பங்களும் இங்கே உண்டு. அவர்களுக்கு வழி வேறு. 1676 முதலான பங்குப் பதிவேடுகளில் ஐரோப்பியரின் ஞானஸ்நானமும் திருமணமும் இருக்கின்றன.

என் பூட்டனார் கோயில் ஏட்டில் சவரிமுத்து, அரசாங்கச் சீட்டில் சவியே. இரண்டு பேரா, ஒருவரா?
*வாசகர், காரைக்கால்*

ஒருவரேதான் என்று நினைக்கிறேன். சவேரியார்தான் தமிழில் சவரிமுத்து ஆனார். பிரெஞ்சுக்காரர் வாயில் அவரே சவியே. இதே மாதிரி சூசை என்றால் ழோசெப், அருளப்பன் என்றால் ழான், இராயப்பன் என்றால் பியேர், சின்னப்பன் என்றால் போல், சந்தியாகு என்றால் ழாக். பூசை வைத்த சாமியார் தமிழில் எழுதுவார், மேரி என்ற நகராட்சி அலுவலகத்தில் உட்கார்ந்தவர் பிரெஞ்சில் எழுதுவார். மேலே ஒரு வாசகர் எழுதிய சம்பா கோயிலே அப்படித்தானே, சான் பவுலோ என்ற பெயர் நம் நாக்கில் உருண்டு சம்பாவானது.

உங்கள் ஊர் சம்பந்தமாக ஒரு குறிப்பு. பதிவேட்டில் ‘கிராந்த் ஆல்தே’ என்று ஓர் ஊர் வந்தால் பிரான்சில் தேடாதீர்கள். திருமலைராயன்பட்டினத்துக்குப் பிரெஞ்சுக்காரர் வைத்த பெயர் அது.

இந்தப் பதிவேடுகளை எங்கே போய்ப் பார்ப்பது? பிரான்சுக்குப் போக வசதியில்லை.
*வாசகி, சென்னை*

போக வேண்டாம். வீட்டில் உட்கார்ந்து போனிலேயே பார்க்கலாம், காசும் இல்லை.

1776 ஜூனில் பிரெஞ்சு அரசர் ஓர் உத்தரவு போட்டார். காலனிகளில் கப்பல் மூழ்கும், புயல் வரும், கரையான் தின்னும், எதிரி கொளுத்துவான். அதனால் ஒவ்வொரு பதிவேட்டுக்கும் கூடுதலாக ஒரு பிரதி எழுதி வெர்சாய்க்கு அனுப்பிவிட வேண்டும் என்றார். அந்த ஏற்பாடு தொடர்ந்து நடந்தது. அந்தப் பிரதிகள் இப்போது தெற்குப் பிரான்சில் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரில், கடல்கடந்த நாடுகளுக்கான தேசிய ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. சுருக்கமாக அனோம் என்பார்கள். நூறு வருடம் தாண்டிய பதிவேடுகளைப் படம் எடுத்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள். காலனி என்ற இடத்தில் இந்தியா, ஊர் என்ற இடத்தில் பொந்திஷேரி, காரிக்கால், மாஹே, யனாவோன், ஷாந்தெர்நகோர் ஆகியவற்றில் ஒன்று, பிறகு ஆண்டு. பக்கம் பக்கமாகத் திறக்கும். நம்ம ஊர் மழையையும் கரையானையும் நினைக்கும்போது அந்த அரசருக்கு ஒரு கும்பிடு போடலாம். மற்றபடி அவரைப் பற்றி எனக்குப் பெரிய மரியாதை இல்லை.

நூறு வருடம் ஆகாத, பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்களின் சீட்டு என்றால் நாந்த் நகரில் வெளியுறவு அமைச்சகத்தின் மத்தியப் பதிவு அலுவலகம் இருக்கிறது, அங்கே எழுதிக் கேட்க வேண்டும். புதுச்சேரியிலேயே நகராட்சியின் பிறப்பு, இறப்புப் பிரிவும், ஜீவானந்தபுரத்தில் தேசிய ஆவணக்காப்பகத்தின் கிளையும் உண்டு.

படிக்கும்போது ஒரு கண்ணி இருக்கிறது, எச்சரிக்கிறேன். வருடத்தை இலக்கத்தில் எழுத மாட்டார்கள், எழுத்தில்தான் எழுதுவார்கள். பிரெஞ்சில் எண்பது என்றால் ‘நான்கு இருபது’. எண்பத்திரண்டு ‘நான்கு இருபது இரண்டு’, தொண்ணூற்றிரண்டு ‘நான்கு இருபது பன்னிரண்டு’. இரண்டுக்கும் பன்னிரண்டுக்கும் பிரெஞ்சில் முதல் எழுத்து ஒன்று, கடைசியிலும் பெரிய வித்தியாசம் இல்லை. மை ஊறிய கையெழுத்தில் 1882ஐ 1892 என்று படித்துவிட்டு, அப்பாவுக்குப் பத்து வயதிலேயே பிள்ளை பிறந்துவிட்டதாகப் பதறி என்னிடம் வந்தவர்கள் உண்டு.

இன்னொன்று: ஓரத்தை விட்டுவிடாதீர்கள். 1897க்குப் பிறகு ஒருவருக்குத் திருமணம் ஆனால், அவருடைய பிறப்புப் பதிவின் ஓரத்தில் யாரோடு, எங்கே என்று குறிக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. எல்லாப் பிரதிகளிலும் அந்தக் குறிப்பு ஏறியிருக்காது. ஏறியிருந்தால் ஒரு தலைமுறை அலைச்சல் மிச்சம்.

தாத்தா புதுச்சேரிக்காரர்தான். ஆனால் 1900 முதல் 1920 வரை எல்லா ஏடும் புரட்டியாகிவிட்டது. இல்லவே இல்லை.
*வாசகர், அரியாங்குப்பம்*

வியட்நாமின் சைகோனில் தேடுங்கள். இந்தோசீனா பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தபோது நம்மவர்கள், அதுவும் ரெனோன்சான்கள், அங்கே அரசாங்க உத்தியோகத்துக்கும் போலீசுக்கும் பட்டாளத்துக்கும் போனார்கள். பிள்ளைகள் அங்கே பிறந்தார்கள். அவர்கள் புதுச்சேரிக்காரர்கள்தான், பிறப்புப் பதிவு மட்டும் அந்த மண்ணில். அதே அனோம் தளத்தில் இந்தோசீனா என்ற தலைப்பின் கீழ் பாருங்கள். வீட்டில் பழைய சீனப் பீங்கான் சாடியோ, அரக்குப் பூசிய பெட்டியோ இருந்தால் என் ஊகத்துக்கு இன்னும் பலம்.

பாட்டியின் பெயரை எப்படித் தேடுவது? தாத்தா பெயரோடு சேர்த்துத் தேடினால் வரவில்லை.
*வாசகி, வில்லியனூர்*

சேர்க்காதீர்கள். பிரெஞ்சுச் சட்டத்தில் பெண் சாகும்வரை பிறந்த வீட்டுப் பெயர்காரிதான். கணவன் பெயர் புழக்கத்துக்கு மட்டும். திருமணச் சீட்டு, பிள்ளை பிறந்த சீட்டு, அவருடைய இறப்புச் சீட்டு எல்லாவற்றிலும் பிறந்த வீட்டுப் பெயரே இருக்கும். இங்கிலீஷ்காரர் சீட்டில் ‘இன்னாரின் மனைவி’ என்று பெண் கரைந்துபோவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது பெரிய ஆறுதல். தாய்வழியில் தேடுகிறவர்கள் தைரியமாகத் தேடலாம். வில்லியனூருக்குத் தனி ஏடு உண்டு, ‘வில்லெனூர்’ என்று இருக்கும். பாகூருக்கு ‘பாஊர்’, உழவர்கரைக்கு ‘உல்கரே’.

தாத்தாவின் பெயர் அப்பாவுக்குக் குடும்பப் பெயர். அப்பாவின் பெயர் எனக்குக் குடும்பப் பெயர். என் அண்ணனுக்கு அவர் பெயரே குடும்பப் பெயர், முன்பெயர் கட்டம் காலி. எங்கள் வீட்டில் யாருக்கு என்ன பெயர்?
*வாசகர், குயவர்பாளையம்*

சிரிக்கக் கூடாது, ஆனால் சிரித்துவிட்டேன். உங்கள் வீட்டில் எல்லாருக்கும் சரியான தமிழ்ப் பெயர்தான் இருக்கிறது. படிவத்துக்குத்தான் வியாதி.

துறக்காத குடும்பங்கள் பழைய வழக்கத்தை வைத்துக்கொண்டன, அதாவது குடும்பப் பெயர் இல்லாமல் வாழ்ந்தன. ஆனால் பிரெஞ்சுப் படிவத்தில் குடும்பப் பெயருக்கு நோம் என்று ஒரு கட்டம், ஆளின் சொந்த முன்பெயருக்குப் பிரேனோம் என்று ஒரு கட்டம். குமாஸ்தா எதையாவது போட்டாக வேண்டும். ஒருவர் அப்பா பெயரை நோம் கட்டத்தில் போட்டார். இன்னொருவர் பிள்ளையின் பெயரையே அங்கே போட்டுவிட்டுப் பக்கத்துக் கட்டத்தைக் காலியாக விட்டார். 1794லேயே பிரான்சில் ஒரு சட்டம் உண்டு: பிறப்புச் சீட்டில் என்ன இருக்கிறதோ அதைத் தவிர வேறு பெயர் யாரும் வைத்துக்கொள்ளக் கூடாது. ஆக, ஒரு நாள் காலையில் ஒருவர் செய்த முடிவு ஆயுளுக்கும் ஒட்டிக்கொண்டது.

உங்கள் வம்சத்தை நேர்கோட்டில் படிக்க முடியாது, படிக்கட்டாகத்தான் படிக்க வேண்டும். மகனின் நோம் எது என்று பார்த்து, அதை அப்பாவின் பிரேனோமில் தேடுங்கள். பிறகு அப்பாவின் நோமைத் தாத்தாவின் பிரேனோமில். ஒரு படி பக்கவாட்டில், ஒரு படி மேலே. பழகிவிட்டால் வேகமாக ஏறலாம். 1946இல் பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் நம் பிரதிநிதியாக உட்கார்ந்த லம்பேர் சரவணன், இந்துச் சட்டம் பற்றிப் பிரெஞ்சில் எழுதிய ஞானு தியாகு, இவர்கள் பெயர்களைப் பாருங்கள். எது வீட்டுப் பெயர், எது ஆள் பெயர் என்று வெளியூர்க்காரர் தலையைச் சொறிவார்.

மாற்ற வேண்டும் என்றால் இப்போது கொஞ்சம் இளக்கம் வந்திருக்கிறது. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்கள் முன்பெயரை 2016 சட்டப்படி மேரியிலேயே மனுக்கொடுத்து மாற்றலாம். 2022 ஜூலை முதல் அம்மாவின் குடும்பப் பெயரை எடுத்துக்கொள்வதும் சுலபம். ஆனால் மாற்றுவதற்கு முன் பழைய சீட்டுகளை எல்லாம் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். இல்லாவிட்டால் உங்கள் பேரன் எனக்குக் கடிதம் எழுத வேண்டிவரும், அப்போது நான் இருக்க மாட்டேன்.

ரீயூனியன் தீவிலிருந்து ஒரு குடும்பம் எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலுக்கு வந்தது. குடும்பப் பெயர் ராமசாமி, ஆள் பெயர் பிரெஞ்சு. முன்னோர் எந்த ஊர் என்று கேட்டு அழாத குறை. எப்படி உதவுவது?
*வாசகர், நாகப்பட்டினம்*

அந்தத் தீவில் 1848 டிசம்பர் 20ஆம் தேதி அடிமை முறை ஒழிந்தது. விடுதலையான சுமார் 62,000 பேருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. அதிகாரிகள் ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர் சூட்டித் தனி ஏட்டில் எழுதினார்கள். கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டுமே என்று நம் கரையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கூடுதலாகக் கொண்டுபோனார்கள். 1861இல் பிரிட்டனோடு உடன்படிக்கை ஆன பிறகு பிரிட்டிஷ் பகுதியிலிருந்தும் ஆள் எடுத்தார்கள். 1882இல் பிரிட்டன் கதவைச் சாத்தியது.

அங்கே பெயர் தலைகீழாக நடந்தது. கப்பலேறிய ராமசாமி என்ற ஒற்றை மனிதரின் சொந்தப் பெயர், பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயராகிவிட்டது. அதனால் அங்கே உள்ள ராமசாமிகள் எல்லாரும் சொந்தம் இல்லை. ஒவ்வொரு கப்பலிலும் ராமசாமி இருந்திருப்பார். சில வீடுகளில் பெண்ணின் பெயரே குடும்பப் பெயர். கோயிலில் தாலி கட்டிக்கொண்டு மேரியில் பதியாவிட்டால், சட்டத்தின் கண்ணில் அது கல்யாணம் இல்லை, பிள்ளைகள் அம்மா பெயரில் ஏறுவார்கள்.

ஆள் பெயர் பிரெஞ்சாக இருப்பதற்கு ஞானஸ்நானம் ஒரு காரணம், 1803 சட்டம் இன்னொரு காரணம். முன்பெயரைக் காலண்டரிலிருந்தோ பழைய சரித்திரத்திலிருந்தோதான் எடுக்க வேண்டும் என்று அது கட்டளையிட்டது. 1993 வரை அந்தக் கட்டுப்பாடு முழுதாக நீங்கவில்லை. காலண்டரைப் பார்த்து வைக்கப்போய், ஜூலை 14 பிறந்த பிள்ளைக்கு அந்தத் தேதிக்கு நேரே ‘தேசியத் திருநாள்’ என்பதன் சுருக்கமாக அச்சாகியிருந்த ‘ஃபெத்நாத்’ என்பதையே பெயராக வைத்த கதை பிரெஞ்சுத் தீவுகளில் பிரசித்தம். வீட்டிலும் கோயிலிலும் கூப்பிட ஒரு தமிழ்ப் பெயர் தனியாக வைத்திருக்கும், மல்பார் என்று அழைக்கப்படும் தமிழ் வம்சாவளிக் குடும்பங்கள் அங்கே இன்றும் நிறைய.

வந்தவர்களிடம் ஊர் பெயர் கேட்காதீர்கள், எண் கேளுங்கள். ஒவ்வொரு ஒப்பந்தக் கூலிக்கும் ஒரு பதிவு எண் உண்டு. அவர் மகன் பிறந்த சீட்டிலோ, திருமணச் சீட்டிலோ, அவருடைய இறப்புச் சீட்டிலோ அந்த எண் இருக்கக்கூடும். எண் கிடைத்தால், செயின்ட் தெனி நகரில் உள்ள மாவட்ட ஆவணக்காப்பகத்தின் ஏட்டில் கப்பல், வயது, அப்பா பெயர், அதிர்ஷ்டம் இருந்தால் ஊர் என்று நூல் பிடிக்கலாம். காரைக்காலில் கப்பலேறினார் என்று இருந்தால் காரைக்கால்காரர் என்று முடிவு கட்ட வேண்டாம். தஞ்சாவூர்ச் சீமையிலிருந்து நடந்து வந்து அங்கே ஏறியவர்கள் நிறைய. உங்கள் நாகப்பட்டினம் பக்கமும் இருக்கலாம்.

மாண்ட்ரியலில் இருக்கிறோம். மருமகள் கியூபெக் பெண். அவள் முப்பாட்டன் பெயருக்கு நடுவில் ‘டீ’ என்று ஒரு சொல், அதற்குப் பின்னால் ‘லஃப்ளேர்’. அவள் சித்தப்பா வீட்டாருக்கு வேறு பெயர். சம்பந்தி வீட்டாருக்கே விளங்கவில்லை.
*வாசகி, மாண்ட்ரியல்*

அக்கா, இது நமக்கு வெகு சுலபமாக விளங்கும். ‘டீ’ என்றால் ‘எனப்படும்’ என்று பொருள். நம்ம ஊரில் ‘கோவிந்தசாமி என்ற மெத்தை வீட்டார்’ என்போமே, அந்த ‘என்ற’தான் அது.

கனடா பிரெஞ்சுக் காலனியாக இருந்தபோது, 1665இல் கரிஞான்-சாலியேர் என்ற படை சுமார் 1,200 பேரோடு வந்து இறங்கியது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் ஒவ்வொரு சிப்பாய்க்கும் ஒரு பட்டாளப் பெயர் உண்டு. லஃப்ளேர் என்றால் பூ. சான்சூசி என்றால் கவலையில்லாதவன். ழொலிகேர் என்றால் நல்ல மனசுக்காரன். படையிலிருந்து சில நூறு பேர் அங்கேயே நிலம் வாங்கிக் குடியேறினார்கள், பட்டப்பெயரும் கூடவே குடியேறியது. பிள்ளைகளில் ஒருவர் இயற்பெயரை வைத்துக்கொள்வார், இன்னொருவர் பூவை வைத்துக்கொள்வார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆளுக்கு ஒன்றாக நிலைத்துவிட்டது. சித்தப்பா வீட்டார் பங்காளிகள்தான், கவலை வேண்டாம்.

இன்னும் ஒன்று கவனியுங்கள். அங்கே கத்தோலிக்க ஞானஸ்நானத்தில் பையன் என்றால் முதலில் ழோசெப், பெண் என்றால் முதலில் மரி, பிறகு ஞானப்பெற்றோர் பெயர், கடைசியில்தான் கூப்பிடும் பெயர். ஏட்டில் ஒரே வீட்டில் ஆறு ழோசெப் இருந்தால் குழம்பாமல் கடைசிப் பெயரைப் பாருங்கள். அவர்களுக்குப் பங்குத் திருமணப் பதிவுகள் பெரிய பொக்கிஷம். மணமக்கள் இருவரின் அப்பா அம்மா பெயரும் அதில் இருக்கும். ஒரு திருமணத்திலிருந்து அடுத்த திருமணத்துக்குத் தாவி 1600களுக்கே போய்விடலாம். மாண்ட்ரியல் பல்கலைக்கழகம் இவற்றைத் தொகுத்துப் பெரிய தரவுத்தளமே வைத்திருக்கிறது. பொறாமையாகத்தான் இருக்கிறது.

முன்னோரைக் கண்டுபிடித்தால் பிரெஞ்சுப் பாஸ்போர்ட் கிடைக்குமா?
*பதினொரு வாசகர்கள்*

1962 ஆகஸ்ட் 16ஆம் தேதி, பிரெஞ்சுப் பகுதிகளை இந்தியாவுக்குக் கொடுத்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, இங்கே பிறந்து இங்கேயே இருந்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள ஆறு மாத அவகாசம் இருந்தது. அதற்குள் எழுதிக்கொடுத்தவர்கள் சுமார் 5,000 பேர். வெளிநாட்டில் இருந்தவர்களுக்கு விதி வேறு. உங்கள் வீட்டார் அன்று எங்கே இருந்தார்கள், எதில் கையெழுத்துப் போட்டார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வக்கீலைப் பாருங்கள். இந்தப் பகுதி அதற்கில்லை.

பதிவின் கடைசி வரியில், கையெழுத்துகளுக்கு மேலே, ஒரே மாதிரி ஒரு வாக்கியம் வருகிறது. அது என்ன?
*வாசகர், பாகூர்*

‘படித்துக் காட்டிய பின் எங்களோடு கையெழுத்திட்டார்’ என்பது ஒரு வகை. ‘கையெழுத்திடத் தெரியாது என்று சொன்னார்’ என்பது இன்னொரு வகை. முதல் வகையாக இருந்தால் உடனே கீழே பாருங்கள். பிரெஞ்சுக் கையெழுத்துகளுக்கு நடுவில் தமிழ் இருக்கும்.

என் கொள்ளுத்தாத்தா சின்னத்தம்பியைக் கண்டுபிடித்த அன்று, மேலே அவர் பெயரை டி-சி-எச் போட்டு, பெயரிலுள்ள ‘தம்பி’யை ஓரிடத்தில் தனியாகப் பிரித்து, இன்னோரிடத்தில் சேர்த்து, குமாஸ்தா இரண்டு விதமாக எழுதியிருந்தார். ஒரே பக்கத்தில் இரண்டு விதம்! கீழே வலது மூலையில், தடித்த மையில், எழுத்தாணி பிடித்துப் பழகிய கை என்று தெரிகிற மாதிரி, புள்ளி எதுவும் வைக்காமல், ‘சினனததமபி’ என்று இருந்தது. கடைசி ‘பி’யின் கொம்பு மேல் வரி வரைக்கும் போய் அதிகாரியின் முத்திரையைத் தொட்டிருந்தது.

அடுத்த இதழுக்கு எழுதுகிறவர்கள் ஆவணத்தை முழுப்பக்கமாகப் படம் எடுத்து அனுப்புங்கள். இந்த முறை மூன்று பேர் ஓரத்தை வெட்டிவிட்டு அனுப்பியிருக்கிறார்கள். திருமணக் குறிப்பு அந்த ஓரத்தில்தான் இருக்கும்.